ஹேண்டில் பூட்டைக் கழற்றிய மூன்று நாட்கள்

அப்பாவின் 100 சிசி யமஹாவைப் பிரித்து, என்ஜினையும் முன் ஃபோர்க்கையும் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் கழற்றி, ஃபோர்க்கின் தண்டு சுழலும் கழுத்துக் குழாயிலிருந்த பேரிங் கிண்ணங்களைக்கூடத் தட்டி எடுத்து, வெறும் சட்டகமாகத் திண்ணையில் சாய்த்து வைத்த பிறகும் அதில் எஞ்சியிருந்தது ஹேண்டில் பூட்டு ஒன்றுதான். கழுத்துக் குழாயின் பக்கவாட்டில் பற்றவைக்கப்பட்ட, கட்டைவிரல் பருமனுள்ள சிறு குழல் ஒன்றுக்குள் அது அமர்ந்திருக்கிறது. சாவியைப் போட்டுத் திருகினால் அதன் நாக்கு நீண்டு, ஃபோர்க்கின் தண்டிலுள்ள துளையில் இறங்கி, ஹேண்டிலைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும். நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்த அப்பா, றோட்டோரத்தில் வண்டியை இப்படிப் பூட்டி வைத்துவிட்டுத்தான் கொழுந்து எடுக்கும் மலைக்கு நடந்து ஏறுவார். அந்தச் சாவி எப்போது தொலைந்தது என்பது அம்மாவுக்கும் நினைவில்லை. பூட்டு திறந்த நிலையில் இருந்தது எங்கள் நல்ல காலம். இல்லாவிட்டால் ஃபோர்க்கையே கழற்றியிருக்க முடியாது.

சட்டகத்தைப் பவுடர் கோட்டிங் செய்ய, அதாவது பெயின்டுக்குப் பதிலாகத் தூளைத் தெளித்துச் சூட்டில் உருக்கிப் பூச, கண்டிக்கு அனுப்ப ஏற்பாடாகியிருந்தது. பிரிப்பதற்கு உதவிய கராஜ் பாஸ், "அது கிடக்கட்டும் தம்பி, டேப் ஒட்டி அடிச்சிரலாம்" என்றார். அனுபவமுள்ளவர், என்மீது அன்புள்ளவர். ஆனாலும் இந்த ஒரு விடயத்தில் அவர் பேச்சை நான் கேட்கவில்லை. சில வருடங்களுக்கு முன் என் நண்பர் ஒருவருடைய சட்டகம் பூட்டோடு போய், பூட்டோடு திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பூட்டைச் சுற்றிலும் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழுந்து, கீழ்நோக்கி ஒரு பழுப்புக் கோடு வழிந்திருந்தது. வேலை செய்த இடத்தில் அதற்குப் பொறுப்பேற்கவும் இல்லை.

காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமல்ல. முதலில் மணல் வீச்சால் பழைய பெயின்டையும் துருவையும் அகற்றுகிறார்கள். அந்தத் துகள் சாவித்துளை வழியே உள்ளே போய்ப் பித்தளைத் தகடுகளுக்கிடையில் தங்கிவிடும். பிறகு மின்னேற்றம் பெற்ற தூளைத் தெளித்துச் சட்டகத்தைச் சூளையில் வைத்து, ஏறத்தாழ 180 முதல் 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருக வைக்கிறார்கள். பூட்டின் உடல் துத்தநாகக் கலவை. அது உருக 380 பாகையளவு வேண்டும் என்பதால் "ஒன்றும் ஆகாது" என்று சொல்பவர்கள் சொல்வது பாதி உண்மை. பூட்டு உருகாது. ஆனால் நாற்பது வருடமாக அதற்குள் ஊறிக் கிடக்கும் கிறீஸும் எண்ணெயும் அந்தச் சூட்டில் இளகிக் கொதித்து, இன்னும் இறுகாத பூச்சின்மீது வழியும். டேப் சாவித்துளையை மூடுமே தவிர, குழலுக்கும் பூட்டுக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியை மூடாது.

வேலையைத் தொடங்கும் முன் வேறொன்றைச் செய்தேன், இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். எங்கள் வண்டியில் செசி இலக்கம், அதாவது சட்டகத்தின் அடையாள எண், அதே கழுத்துக் குழாயில், பூட்டுக்கு இரண்டு விரல் தள்ளிப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து, பதிவுச் சான்றிதழிலுள்ள இலக்கத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். ட்ரில் ஒருமுறை வழுக்கினால் போதும், அந்த இலக்கத்தில் கீறல் விழும். அதன் பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் என்ன விளக்கம் சொன்னாலும் சந்தேகம் சந்தேகம்தான். ஆகவே பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு தகரத் துண்டை வெட்டி, இலக்கத்தின்மேல் வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன்.

பூட்டின் முகத்தை மூடும் சிறு தகட்டை ஒரு ரிவெட் பிடித்திருந்தது. அது மரை உள்ளதல்ல, அடித்து இறக்கிய ஆணி. ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் தகடு வளையுமே தவிர ஆணி வராது. தலையின் நடுவில் சென்டர் பஞ்ச் வைத்துப் புள்ளியிட்டு, முதலில் ஒன்றரை மில்லிமீற்றர், பிறகு இரண்டரை மில்லிமீற்றர் ட்ரில்லால் மெதுவாகத் துளைத்தேன். தலை தனியே சுழன்று கழன்றது. எஞ்சிய தண்டைக் குறட்டால் பிடித்து இழுத்தேன்.

தகடு போனாலும் பூட்டு அசையவில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே, தென்மேல் பருவ மழையும் மூடுபனியும் மாறி மாறி நனைக்கும் ஊரில், இரும்புக் குழலுக்குள் கிடக்கும் துத்தநாகம் அரித்து, வெண்ணிற மாவாகப் பூத்து, உப்பி இறுகிவிடுகிறது. இங்கே நான் ஒரு தவறு செய்தேன். சூடாக்கினால் இளகும் என்று எண்ணி, ஹொட் எயார் கன்னால் குழலைச் சூடாக்கிச் சூட்டோடு சூடாகத் தட்டினேன்; முன்னைவிட இறுக்கமாக இருந்தது. பிறகுதான் யோசித்தேன். ஒரே சூட்டுக்கு இரும்பைவிடத் துத்தநாகம் இரண்டு மடங்குக்கு மேல் விரிகிறது. சூட்டில் பூட்டு குழலை இன்னும் அழுத்தமாகப் பற்றும். ஆறும்போதுதான் அதிகமாகச் சுருங்கி, அந்த வெள்ளை மாவின் பிடியை உடைக்கும். எனவே சூடாக்கி, முற்றாக ஆறவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை இடைவெளியில் விட்டு, இரவு முழுக்க வைத்தேன். இதையே மூன்று நாள் செய்தேன்.

மூன்றாம் நாள் மாலை பூட்டை வெளியிலிருந்து இழுக்காமல் உள்ளிருந்து தள்ளினேன். கழுத்துக் குழாய் வெறுமையாக இருந்ததால், நாக்கு வெளிவரும் துளை உட்பக்கத்திலிருந்து தெரிந்தது. துளைக்குள் நுழையக்கூடிய ஒரு சிறு போல்ட்டில் நட்டை ஓட்டி, போல்ட்டின் நுனியை நாக்கின்மேல் வைத்து, எதிர்ச் சுவருக்கும் நட்டுக்கும் நடுவில், போல்ட்டின் வால் நுழையத் துளையிட்ட பலகைத் துண்டைக் கொடுத்து, நட்டை ஸ்பேனரால் சிறிது சிறிதாகத் திருப்பினேன். நட்டு பலகையை அழுத்த அழுத்த, போல்ட் ஒரு குட்டி ஜாக்கி போல நீண்டது. கால் சுற்று, நிறுத்தம், மீண்டும் கால் சுற்று. திடீரென்று "டக்" என்றொரு சத்தம் கேட்டது. குழலின் வாயில் வெள்ளை மாவு உதிர்ந்தது. அதன்பின் கையாலேயே உருவ முடிந்தது.

பூட்டு முழுசாக இருக்கிறது. பெட்ரோலில் கழுவியபோது பித்தளைத் தகடுகள் ஒவ்வொன்றாக அசையத் தொடங்கின. அவற்றின் உயரத்தை அளந்து புதுச் சாவி வெட்டலாம் என்று ஹட்டன் டவுனில் சாவி வெட்டும் ஐயா சொல்லியிருக்கிறார். குழலின் உட்புறத்தில், மழையே காணாத இடத்தில், கம்பனியில் அடித்த கறுப்புப் பெயின்ட் இன்னும் பளபளப்பாக இருப்பதைப் பார்த்தபோது அப்பாவை அழைத்துக் காட்ட வேண்டும் போலிருந்தது.

குழலுக்குள் பூச்சு போனால் பூட்டு திரும்ப ஏறாது. அங்கே அரை மில்லிமீற்றர்கூட விட்டுக்கொடுப்பு இல்லை. சூட்டைத் தாங்கும் சிலிக்கன் அடைப்பான் ஒன்றை அதிலும், பேரிங் கிண்ணம் இருக்கும் இரு வாய்களிலும் நானே அடைத்து, செசி இலக்கத்தின்மேல் மணல் வீச்சை மெதுவாகச் செய்யும்படியும் பூச்சை மெல்லியதாக விடும்படியும் ஒரு தாளில் எழுதிச் சட்டகத்தில் கட்டினேன். நேற்றுக் காலை அது லொறியில் ஏறி, கினிகத்தேனை வழியாகக் கண்டிக்குப் போனது.