பெண்ணுரிமை இயக்க வரலாறு: மனப்பாடத்தை விட்டு நான் படித்த விதம்

முதுகலை வரலாறு முதலாண்டுத் தேர்வு. சர்வதேசப் பெண்ணுரிமை இயக்கத்தின் தோற்றம் பற்றிய கேள்விக்கு நான்கு பக்கம் எழுதினேன். 1857-இல் நியூயார்க் தையல் தொழிலாளிப் பெண்கள் ஊர்வலம் போனார்கள், அதன் நினைவாகத்தான் மார்ச் 8 பெண்கள் தினம் வந்தது என்று தொடங்கியிருந்தேன். பதினைந்துக்கு ஐந்து மதிப்பெண். கைடில் இருந்ததை அப்படியே இறக்கிவைத்திருந்தேன். அந்த ஊர்வலத்துக்கு உறுதியான சான்றே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த முறை ஒரே கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு படித்தேன்: இந்தப் பெண்கள் ஒருவரையொருவர் எங்கே சந்தித்தார்கள்?

முதல் இடம் லண்டன், 1840 ஜூன், உலக அடிமை ஒழிப்பு மாநாடு. அமெரிக்காவிலிருந்து பிரதிநிதியாக வந்த லுக்ரீஷியா மோட்டுக்கு, பெண் என்பதால் அவையில் இடம் மறுத்துவிட்டார்கள். அடிமைத்தனத்தை ஒழிக்கக் கூடிய சபை அது! திருமணமான கையோடு கணவருடன் அங்கே வந்திருந்த எலிசபெத் கேடி ஸ்டான்டனும் மோட்டும் அங்குதான் பழகினார்கள்.

எட்டு ஆண்டு கழித்து, 1848 ஜூலை 19, 20-இல், நியூயார்க் மாநிலத்தின் செனிகா ஃபால்ஸ் ஊரில் மாநாடு கூட்டினார்கள். சுமார் 300 பேர் வந்தார்கள். இங்கே அவசரப்படாதீர்கள். அந்த மாநாட்டுப் பிரகடனத்தையும் 1776-இன் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள். சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற வரியில் ஆண்களோடு பெண்களும் சேர்ந்திருப்பார்கள். மன்னர்மீது குற்றம் அடுக்கிய இடத்தில் ஆண்வர்க்கத்தின்மீது குற்றம் அடுக்கியிருக்கும்: மணமான பெண் சட்டத்தின் கண்ணில் செத்தவள், அவள் சம்பாதித்த கூலிகூட அவளுக்குச் சொந்தமில்லை, கல்லூரிக் கதவு சாத்தியிருக்கிறது. இதை எழுதிப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வாக்குரிமைத் தீர்மானத்துக்கு அந்தச் சபைக்குள்ளேயே தயக்கம் இருந்தது. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃப்ரெடரிக் டக்ளஸ் எழுந்து ஆதரித்துப் பேசினார். 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள்.

கேள்வியில் ‘சர்வதேச’ என்ற சொல் இருப்பதைப் பலர் மறந்து இங்கேயே நின்றுவிடுகிறார்கள். செனிகா ஃபால்ஸின் நாற்பதாம் ஆண்டையொட்டி 1888-இல் வாஷிங்டனில் சர்வதேசப் பெண்கள் கவுன்சில், 1904-இல் பெர்லினில் வாக்குரிமைக்கான சர்வதேசக் கூட்டணி. தொழிலாளர் இயக்கம் தனி ஓடை, இரண்டையும் கலக்காதீர்கள். 1910-இல் கோபன்ஹேகனில் ஜெர்மன் சோஷலிசத் தலைவி கிளாரா ஜெட்கின் தரப்பினர் பெண்கள் தினம் கேட்டபோது தேதி குறிக்கவில்லை. 1911-இல் நான்கு நாடுகள் மார்ச் 19-இல் கொண்டாடின. 1917-இல் ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராட் பெண்கள் தெருவில் இறங்கிய நாள்தான் மார்ச் 8.

எனக்கு மிகப் பிடித்தது 1915, நெதர்லாந்தின் தி ஹேக் நகரம். உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஒருவரோடொருவர் போரிட்ட நாடுகளின் பெண்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்து சமாதானம் பேசினார்கள்.

கடைசிப் பத்தியைச் சென்னைக்கு ஒதுக்குங்கள். 1917-இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் பிறந்தது. 1926-இல் பாரிஸ் நகரில் கூடிய சர்வதேசப் பெண்கள் மாநாட்டில் இந்தியாவின் சார்பில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கலந்துகொண்டார். மறுதேர்வில் என் விடையை அவர் பெயரோடுதான் முடித்தேன்.