பிடியரிசியும் முப்பத்தாறு மாதங்களும்

இவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு ஆராதனையின் முடிவில், அறிவிப்புகள் வாசிக்கப்படும் வேளையில், எங்கள் போதகர் புதிய கட்டட நிதித் திட்டம் ஒன்றைச் சபைக்கு முன்வைத்தார். "இது பணம் திரட்டும் முயற்சி அல்ல, நாம் சேர்ந்து போகப்போகும் ஆவிக்குரிய பயணம்" என்று அவர் தொடங்கியபோது, எனக்கு முன் வரிசையில் இருந்த பெரியவர் தம் மனைவியின் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்ல, அந்த அம்மாள் பாட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். அவர் சொன்னது என் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் நான் நினைத்துக்கொண்டிருந்ததற்கு அது வெகுதூரத்தில் இருந்திருக்காது. கையில் பையைக் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் சுற்றி வளைத்துப் பேசுவது சபைகளுக்குப் புதிதல்லவே.

தேவை உண்மையானது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எங்கள் ஆலயக் கட்டடம் மூன்று மாடி கொண்டது. ஆராதனை நடப்பது இரண்டாம் மாடியில். உடற்குறையுள்ளோரும் முதியோரும் தடையின்றிப் புழங்குவதற்கான கட்டட விதிகள் சிங்கப்பூரில் 1990-இல் வருவதற்கு முன்பே எழும்பிய கட்டடம் என்பதால், அதில் மின்தூக்கி கிடையாது. அன்று செங்கல் சுமந்த இளைஞர்கள் இன்று எண்பதை நெருங்குகிறார்கள். ஞாயிறுதோறும் இரண்டு பையன்கள் ஒரு சக்கர நாற்காலியைப் படிப்படியாகத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். அப்படித் தூக்கப்படுவதற்குக் கூச்சப்படும் சிலர், தாங்கள் கட்டிய ஆலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில் அமர்ந்து தொலைக்காட்சித் திரையில் ஆராதனையைப் பார்க்கிறார்கள். மின்தூக்கியோடு கூரை ஒழுக்கு, பழைய மின்கம்பிகள் என்று பட்டியல் நீண்டது. மொத்தத் தொகையை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது சபையின் வீட்டுக் கணக்கு.

வேறு இடம் பார்க்கலாமே என்ற பேச்சும் எழுந்தது. இங்கே 1990-களிலிருந்து வழிபாட்டுத் தலங்களுக்கான நிலம் 30 ஆண்டுக் குத்தகைக்குத்தான் கிடைக்கிறது என்பதைப் பொருளாளர் விளக்கியதும் அந்தப் பேச்சு அடங்கியது. எனக்கு மட்டும் என் பாட்டனார் சொல்லக் கேட்ட, திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடி ஆலயம் நினைவுக்கு வந்தது. கால்டுவெல் 1847-இல் அடிக்கல் நாட்டிய அந்த ஆலயம் 1880-இல்தான் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அங்கே கட்டுவதற்கே 33 ஆண்டுகள் பிடித்தன, இங்கே குத்தகையே அதைவிடக் குறைவு. ஒரு பனையேறி தன் பேரன் தொழுவான் என்று எண்ணிக் கொடுத்திருக்கக்கூடிய காணிக்கையை, இந்தத் தீவில் வாழும் நாங்கள் வேறு எந்த எண்ணத்தோடு கொடுப்பது என்ற கேள்வி எனக்குள் அன்றைக்கே விழுந்துவிட்டது.

லெந்து என்னும் தவக்காலத்தின் 40 நாட்களும் பயணத்துக்காக ஒதுக்கப்பட்டன. வாரம் ஒரு முறை வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளில் ஜெபக்கூட்டம், அதற்கென்று அச்சிட்ட சிறு கையேடு, கடைசி ஞாயிறன்று ஒவ்வொரு குடும்பமும் அடுத்த 36 மாதங்களுக்குத் தான் கொடுக்க எண்ணும் தொகையை எழுதிப் படைக்கும் அட்டை: இதுதான் ஏற்பாடு. ஈசூன் வட்டாரத்தில் எங்கள் குழு கூடிய வீட்டில், தாவீது ஆலயத்துக்கென்று தன் சொந்தப் பொருளிலிருந்து ஓப்பீரின் தங்கத்தில் 3,000 தாலந்தும் வெள்ளியில் 7,000 தாலந்தும் கொடுத்த பகுதியை வாசித்தோம். தாலந்து என்ற எடையளவைக் கவனிக்காத, வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர் என்றே அறிந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, "ஏழாயிரம் வெள்ளிதானா? ராஜா ஆச்சே!" என்று கேட்டுவிட்டாள். அவளுடைய அண்ணன் தன் பங்குக்கு, ஓப்பீர் என்பது ஓஃபிர் சாலைதானா என்று கேட்டான். 1888-இல் கட்டப்பட்ட லூர்து அன்னை ஆலயத்தில் இன்றும் தமிழில் திருப்பலி நடக்கிற அதே சாலை. சிரித்து முடித்துத் தேநீரும் உளுந்து வடையும் வந்த பிறகு, அந்த வீட்டுப் பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை கேட்டதில் தப்பில்லை. கொடுத்தது எவ்வளவு என்பதைவிட, கொடுத்தவர் யார், மிச்சம் என்ன வைத்துக்கொண்டார் என்பதுதான் கேள்வி."

ஆனால் பயணத்தின் உண்மையான சண்டை அட்டையின் பெயரில்தான் வந்தது. முதலில் அச்சாகி வந்த மாதிரியில் "பொருத்தனை அட்டை" என்று இருந்தது. பொருத்தனை என்பது கடவுளிடம் செய்யும் நேர்த்தி. செய்து நிறைவேற்றாமல் போவதைவிடச் செய்யாமலிருப்பதே நல்லது என்று வேதாகமத்தின் பிரசங்கி எச்சரிக்கிறான். வேலை போகலாம், நோய் வரலாம், மூன்று ஆண்டுக்குப் பின் எவன் நிலை எப்படியோ, அப்படியிருக்க ஒருவனைக் கடவுளுக்குக் கடன்காரனாக்கி வீட்டுக்கு அனுப்புவது சரியா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்டார். சரி, "வாக்குத்தத்த அட்டை" என்று வைத்துக்கொள்வோம் என்றார் செயலாளர். அதற்கு எதிர்ப்பு பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. வாக்குத்தத்த அட்டை என்பது ஆண்டு பிறக்கும் நள்ளிரவு ஆராதனையில் நாம் கண்ணை மூடிக்கொண்டு தட்டிலிருந்து எடுக்கிற வசனம், அது அவர் நமக்குக் கொடுப்பது, அதே பெயரை நாம் அவருக்கு எழுதிக் கொடுக்கிற தாளுக்கு வைத்தால் குழந்தைகளுக்கு எது எதுவென்று தெரியாமல் போகும் என்றார்கள். ஆங்கில ஆராதனைப் பிள்ளைகள், "பிளெட்ஜ் என்றே விட்டுவிடுங்களேன்" என்றார்கள். பள்ளியில் காலைதோறும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லும் உறுதிமொழிக்கும் அதுதானே பெயர் என்று ஒருவர் சொன்னதும் அதுவும் போயிற்று. ஒன்றரை மணி நேரம் பேசி முடிவில் "மனதில் நியமித்தது" என்ற தலைப்பு நின்றது. விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே ஒவ்வொருவனும் கொடுக்கட்டும் என்ற பவுலின் சொல்லிலிருந்து எடுத்தது. வெறும் சொல்லாராய்ச்சி என்று வெளியார் நினைக்கலாம். ஆனால், முன் வரிசைப் பெரியவரோடு சேர்ந்து மனத்துக்குள் சிரித்த நான் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தது அந்தக் கூட்டத்தில்தான்; ஏனென்றால் ஒரு சபை தன் மக்களிடம் எதைக் கேட்கக்கூடாது என்று முதலில் யோசித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அம்மாவிடம் அட்டையைக் காட்டியபோது, "முப்பத்தாறு மாதமா? எங்கள் அம்மா முப்பத்தாறு வருஷம் எடுத்து வைத்தாள்" என்றார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இருந்த பிடியரிசி வழக்கத்தைச் சொல்கிறார். உலை வைக்கும் ஒவ்வொரு முறையும், அரிசியைக் களைவதற்கு முன், ஒரு பிடி எடுத்து ஆலயத்துக்கென்று வைத்திருக்கும் பானையில் போட வேண்டும். ஆறு பேருக்கு அளந்த அரிசியில் அந்தப் பிடி குறையும். அதாவது அன்றைக்கு யாரோ ஒருவருடைய வயிற்றில் கொஞ்சம் குறையும், பெரும்பாலும் அது எடுத்தவளுடைய வயிறாகவே இருந்திருக்கும். சிங்கப்பூருக்கு வந்த பின் அம்மா அதையே மைலோ டப்பாவும் சில்லறையுமாக மாற்றிக்கொண்டார். சந்தைக்குப் போய்வந்த மிச்சத்தில் 50 காசு விழும் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

நானோ ஜைரோ படிவத்தில் கையெழுத்திட எண்ணியிருந்தேன். மாதம் 50 வெள்ளி என்றால் 36 மாதத்தில் 1,800 வெள்ளி. வங்கியே பிடித்துக்கொள்ளும், நான் நினைக்கக்கூடத் தேவையில்லை. அந்த நினைக்கத் தேவையில்லாமைதான் அன்றிரவு என்னை உறுத்தியது. பிடியரிசி நாளுக்கு மூன்று முறை ஒருத்தியைக் கொடுக்கச் சொல்லி நினைப்பூட்டியது. ஜைரோவோ, கொடுப்பதை நான் மறந்துபோவதற்கென்றே செய்த ஏற்பாடு. பொருளாளரின் சிரமத்தை எண்ணி ஜைரோவை நான் கைவிடவில்லை. ஆனால் தொகையை மாற்றினேன். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம் பிரசங்கமொன்றில், ஆக்ஸ்ஃபோர்டு இளைஞர் ஒருவர் ஆண்டுக்கு 30 பவுன் வந்தபோது 28-இல் வாழ்ந்து 2 கொடுத்தார் என்றும், 60 பவுன் வந்த ஆண்டிலும் அதே 28-இல் வாழ்ந்து 32 கொடுத்தார் என்றும் எழுதுகிறார். அந்த இளைஞர் வெஸ்லியே என்பது பொதுவான கருத்து. சம்பளம் உயர்ந்த ஒவ்வோர் ஆண்டும் என் 28 பவுனும் கூடவே உயர்ந்து வந்ததை நான் அதற்குமுன் கணக்குப் பார்த்ததில்லை. பார்த்தபோது, வெளியில் சாப்பிடும் செலவு மட்டுமே நான் முதலில் எழுத இருந்த தொகையைப் போலப் பலமடங்கு இருந்தது. இதற்குமேல் அதைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது.

கணக்குக் கேட்கும் உரிமை பற்றியும் சொல்ல வேண்டும். 2015-இல் இங்குள்ள பெரிய சபையொன்றின் தலைவர்கள் ஆறு பேர், கட்டட நிதியைத் தவறாகக் கையாண்ட வழக்கில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானதிலிருந்து, "கட்டட நிதி" என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாச் சபைகளிலும் ஒரு சிறு மௌனம் விழுகிறது. எங்கள் குழு அதை மழுப்பவில்லை. இந்த நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் ஒட்டப்படும் வரவு செலவு, ஒப்பந்தக்காரர்களில் சபையாரின் உறவினர் இருந்தால் முன்கூட்டியே அறிவிப்பு ஆகியவற்றை எழுத்தில் கொடுத்தார்கள். சமய நோக்கத்துக்கான நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு கிடையாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்கள். சேர்ந்த தொகையை வெப்பமானி வடிவில் காட்டும்படி வாசலில் வைக்கவிருந்த பலகையை மட்டும் நான் எதிர்த்தேன், தோற்றேன். சிவப்பு வண்ணம் வாராவாரம் மேலேறுவதைப் பார்த்துக்கொண்டு திருவிருந்துக்குப் போவது எனக்கு இன்னும் பழகவில்லை.

மாலை ஆராதனைக்கு வரும் வெளிநாட்டு ஊழியர் தம்பிகளைப் பற்றியும் குழு யோசித்திருந்தது. கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்து, ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருப்பவர்களிடம் அட்டை நீட்டுவது அழகல்ல என்று, அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. நானும் கை தூக்கி ஆதரித்தேன். அடுத்த ஞாயிறு மாலை, தூத்துக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் வாசலில் என்னை நிறுத்தி, "அண்ணே, எங்களுக்கு மட்டும் ஏன் அட்டை தரல? நாங்க இந்தச் சபை இல்லையா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இரண்டு காசு போட்ட விதவையை இயேசு தடுக்கவில்லை. அவளுக்கு எதற்கு இந்தப் பாரம் என்று முடிவெடுக்கும் குழுவும் அந்தக் காணிக்கைப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. மறுவாரம் மாலை ஆராதனையிலும் அட்டைகள் வைக்கப்பட்டன, வேண்டியவர் எடுத்துக்கொள்ளும்படி ஒரு மேசையில், யாரும் கையில் திணிக்காமல்.

படைக்கும் ஞாயிறன்று பெயர்கள் வாசிக்கப்படவில்லை, தொகைகள் சொல்லப்படவில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காயை நூறு வெள்ளிக்கு ஏற்றிவிட்டு ஆரவாரம் செய்யும் அதே சபையா இது என்று வியக்குமளவுக்கு அமைதியாக, மடித்த அட்டைகளோடு வரிசை நகர்ந்தது. கீழ்த்தளத்தில் திரை பார்ப்பவர்களிடம் பெட்டியைக் கொண்டுபோனது போதகரே. அம்மா தம் அட்டையை எனக்குக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி ஒரு காரியம் பாக்கியிருக்கிறது. வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரத்துக்கென்று ஜனங்கள் காலைதோறும் காணிக்கை கொண்டுவந்துகொண்டே இருக்க, வேலையாட்கள் மோசேயிடம் வந்து, வேண்டியதற்கு மிஞ்சி வந்துவிட்டது என்று சொல்கிறார்கள். அவன் பாளயமெங்கும் ஆள் அனுப்பி, இனி யாரும் கொண்டுவர வேண்டாம் என்று கூறச் சொல்கிறான். யாத்திராகமத்தின் 36-ஆம் அதிகாரத்தில் இருக்கும் இந்தப் பகுதி எங்கள் கையேட்டின் 40 நாட்களில் ஒரு நாளுக்கும் இடம்பெறவில்லை. இலக்குத் தொகை நிறைந்த ஞாயிறன்றே அதைச் சபைக்கு அறிவித்து, பெட்டியை எடுத்துவிட்டு, அதன்பின் வருவதைத் திருப்பிக் கொடுக்கவோ, கொடுத்தவரின் எழுத்துச் சம்மதத்தோடு வேறு பணிக்குத் திருப்பவோ வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். முன்மொழிபவர், அன்று என் முன் வரிசையில் இருந்து மனைவியிடம் கிசுகிசுத்த அதே பெரியவர். வழிமொழிபவர் இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அடுத்த மாதக் குழுக்கூட்டத்தில் அது விவாதத்துக்கு வருகிறது. போதகர் ஆதரிப்பார் என்று நினைக்கிறேன், பொருளாளரைப் பற்றித்தான் சொல்ல முடியவில்லை.