வானில் கழன்ற சக்கர உறையும் ஏழு வாரக் காகித வேலையும்

கலிபோர்னியாவில் ஐந்து பேர் பங்கு போட்டு வைத்திருக்கும் எங்கள் செஸ்னா 172 விமானத்தில், சியரா மலையடிவாரத்துக் கொலம்பியாவிலிருந்து லிவர்மோருக்குத் திரும்பும் வழியில், ஓக்டேலைத் தாண்டியதும் காலுக்கடியில் யாரோ ஓங்கித் தட்டியதுபோல ஒரு சத்தம் கேட்டது. எஞ்சினின் சுழற்சி வேகத்திலும் எண்ணெய் அழுத்தத்திலும் மாற்றம் ஒன்றுமில்லை. வலப்பக்கம் அமர்ந்திருந்த என் மனைவியின் தம்பிதான் வெளியே எட்டிப் பார்த்து, "அத்தான், உங்க பக்கம் சக்கரத்துக்கு உறை இருக்கா? இங்க வெறும் டயர்தான் தெரியுது" என்றான். வீல் பேண்ட் எனப்படும் அந்த வலது சக்கர உறை, கீழே பாதாம் தோப்புகளுக்கு நடுவே எங்கோ விழுந்துவிட்டிருந்தது. வேகத்தைக் குறைத்து, ரேடியோவில் இடத்தைச் சொல்லிவிட்டு, வழக்கம்போல இறங்கினோம்.

சக்கரத்தின் உட்புறத் தகட்டில் இரண்டு திருகுகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. ஒவ்வொன்றின் தலைக்கடியிலும் காசளவு கண்ணாடியிழைத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டுகளின் விளிம்பில் பாதி, எண்ணெய் அழுக்கேறிப் பழுப்பாகவும், மறுபாதி புதிதாய் முறிந்த வெள்ளையாகவும் இருந்தது. அதாவது, விரிசல் வெகு நாளாக இருந்திருக்கிறது; கொலம்பியாவின் புல் ஓடுதளத்தில் ஆசையாக இறங்கியது அதை முடித்துவைத்திருக்கிறது. புறப்படும் முன் உறையைக் கண்ணால் பார்த்தேனே தவிர, கையால் பிடித்து ஆட்டிப் பார்க்கவில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மெக்கானிக் இடப்பக்க உறையையும் கழற்றி, எடை–சமநிலைக் கணக்கைத் திருத்தி, விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லாக் புக்கில் எழுதிக் கொடுத்ததால் மறுவாரமே பறக்க முடிந்தது. உறைகள் இல்லாமல் குறைவது சுமார் 2 நாட் (மணிக்கு 2 கடல் மைல்) வேகம்தான்.

சிக்கல் காப்பீட்டில் தொடங்கியது. அவர்களுடைய படிவத்தில் 'விபத்து எண்' என்ற கட்டம் கட்டாயமாக இருந்தது. நடந்தது விபத்தே அல்ல என்பதால் எண் கிடையாது. எண் இல்லாவிட்டால் கோப்பு நகராது என்றார் தொலைபேசியில் பேசிய பெண். மூன்று நாட்களில் நான்கு பேரிடம் இதே கதையைச் சொன்ன பிறகு, விமான விபத்துகளை விசாரிக்கும் அமெரிக்க அமைப்பான என்.டி.எஸ்.பி.யின் 830-ஆம் பகுதி விதிகளை எடுத்து உட்கார்ந்தேன். விமானத்திலிருந்து எது கழன்றாலும் உடனே அறிவிக்க வேண்டும் என்று அதில் இல்லை; புரொப்பெல்லர் பிளேடோ அதன் ஒரு பகுதியோ பிரிந்தால் அறிவிக்க வேண்டும், விமானம் தவிர்த்த பிறர் சொத்துக்கு 25,000 டாலருக்கு மேல் சேதம் என்றாலும் அறிவிக்க வேண்டும். வளைந்த ஃபேரிங்குகளை (சக்கர உறை போன்ற, காற்றுத்தடை குறைக்கும் மூடிகளை) கணிசமான சேதமாகக் கொள்ளக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. இவற்றைப் பிரிவு எண்களோடு ஒரு பக்கக் கடிதமாக எழுதி அனுப்பியதும், மறுநாளே அந்தக் கட்டத்தில் 'பொருந்தாது' என்று போட்டுக்கொண்டார்கள். ஏழு வாரத்தில் எனக்குக் கிடைத்த முழு வெற்றி அது ஒன்றுதான். ஏனெனில், கடைசியில் உறையின் விலை நாங்கள் ஏற்க வேண்டிய கழிவுத்தொகைக்குள்ளேயே அடங்கிவிட்டது.

இப்படி ஏதாவது நேர்ந்தால், நாசா நடத்தும் ஏ.எஸ்.ஆர்.எஸ். என்ற விமானப் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்துக்குப் பத்து நாட்களுக்குள் அறிக்கை அனுப்பிவிடுங்கள். ஆட்களுக்கோ உடைமைக்கோ ஆபத்து விளையும்படி விமானத்திலிருந்து பொருளை விழவிடக் கூடாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளில் 91.15 விதி இருக்கிறது. தெரியாமல் நேர்ந்த தவறு என்றால், இந்த அறிக்கை தண்டனையிலிருந்து காக்கக்கூடும். நான் எட்டாம் நாள் அனுப்பினேன். அவர்கள் திருப்பி அனுப்பும் அடையாளச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்; அறிக்கை அனுப்பியதற்கு வேறு சான்று கிடையாது.

வீணான பயணம் என்று சொன்னால் அது பழைய விமானப் பாகங்கள் விற்கும் கிடங்குக்குப் போனதுதான். மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போய், அளவு பார்த்து, அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திய உறையை ரொக்கம் கொடுத்து வாங்கி வந்தேன். மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மஞ்சள் சீட்டு எங்கே?" என்று கேட்டார். எந்த விமானத்திலிருந்து வந்தது, யார் சோதித்தார்கள் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட என்னிடம் இல்லை. அவர் பூட்ட மறுத்துவிட்டார். கிடங்குக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. பொருளைத் தொடுவதற்கு முன் சீட்டைக் கேளுங்கள். இறுதியில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.யின் பி.எம்.ஏ. (பாக உற்பத்தி) ஒப்புதல் பெற்ற புதிய உறைகளாக இரண்டையும் வாங்கினோம். இரண்டு எதற்கு என்றால், கழற்றி வைத்த இடது உறையைத் துடைத்துப் பார்த்தபோது அதிலும் திருகுத் துளைகளைச் சுற்றி அதே பழுப்பு விரிசல் ஓடியிருந்தது.

கடைசியாக வலது டயரை மாற்றுவதற்காக அந்த உறையைக் கழற்றிப் பூட்டியவர் எங்கள் ஐவரில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். உரிமையாளரான பைலட்டே செய்யக்கூடிய பராமரிப்பு வேலை அது. ஆனால் செய்தவர் லாக் புக்கில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எங்கள் லாக் புக்கில் அப்படி ஒரு பதிவே இல்லை. டயர் மட்டும் புதியதாக இருக்கிறது. மாற்றியது நான்தான் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.