குடலிறக்க அறுவையும் அன்று மாலை வரும் வலியும்

காலையில் சேர்ந்து மாலையில் வீடு திரும்பும் ‘டே கேர்’ முறையில் அண்ணனுக்குக் குடலிறக்க அறுவை செய்வதென்று முடிவானபோது, மயக்க மருத்துவர் முதலில் கேட்டது, "சிறுநீர் போவதில் சிரமம் உண்டா?" என்பதைத்தான். அண்ணனுக்கு வயது அறுபதுக்கு மேல். சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் வீக்கமும் உண்டு.

இங்கே இந்த அறுவைக்குப் பெரும்பாலும் முதுகில்தான் ஊசி போடுகிறார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், நினைவு தப்பாது. ஆனால் வழக்கமான புபிவாக்கெயின் மருந்தின் பிடி விலக இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும் என்பதோடு, கால்கள் அசையத் தொடங்கிய பிறகும் சிறுநீர்ப்பை விழித்துக்கொள்ளாமல் கிடப்பதுண்டு. புராஸ்டேட் பெருத்தவர்களுக்குச் சிறுநீர் அடைத்து, குழாய் போட்டு இரவு தங்க நேரலாம். முதுகு ஊசியால் ஆயுளுக்கும் இடுப்புவலி என்று உறவினர்கள் பயமுறுத்துவதற்கு ஆதாரமில்லை. தலைவலி வருவதோ உண்மை. 1898இல் இதைத் தம் உடம்பிலேயே சோதித்த ஜெர்மானிய மருத்துவர் ஆகஸ்ட் பியர்கூட அந்தத் தலைவலியால் நாட்கணக்கில் படுத்துக் கிடந்தார். இன்றைய மெல்லிய ஊசிகளால் அது வெகுவாகக் குறைந்துவிட்டது.

முழு மயக்கம் என்றால், அதற்குப் போடும் புரொபோஃபால் மருந்தின் மயக்கம் சீக்கிரம் தெளிந்துவிடும், குமட்டலும் தொண்டைக் கரகரப்பும் சிலருக்கு மிஞ்சும். சிறு துளைகளில் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறைக்குப் பெரும்பாலும் இதுவே வழி.

அண்ணனுக்குத் திறந்த முறையில், குடல் பிதுங்கிய இடத்தைத் தாங்க வலை வைப்பதாக இருந்ததால், அறுக்கும் இடத்தை மட்டும் மரக்கச் செய்து, லேசான தூக்க மருந்து கொடுப்பதென்று பேசி முடித்தார்கள். "இழுக்கிற மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கென்று குத்தினால் உடனே சொல்லுங்கள், இன்னும் மருந்து போடுகிறேன்" என்றார் மருத்துவர். அண்ணன் இரண்டு முறை சொன்னாராம். இரண்டு முறையும் போட்டார்களாம்.

என்னைக் கேட்டால், மேசையில் வலிக்குமா என்பதைவிட, மரப்பு எத்தனை மணிக்கு விடும், அதற்குமுன் வயிற்றில் எந்த மாத்திரை இருக்க வேண்டும் என்பதுதான் பெரிய கேள்வி. சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ உள்ளவர்களுக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை ஆகாது. இன்னொரு வலி மருந்தான டிரமடால் மலச்சிக்கல் தரும். புதுத் தையலோடு முக்குவது எவ்வளவு கொடுமை என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். எனவே அண்ணனுக்குப் பாராசிட்டமாலையே அடித்தளமாக வைத்தார்கள்: ஒரு வேளைக்கு 1 கிராம், ஆறு மணி நேர இடைவெளி, நாளொன்றுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. மருந்துச்சீட்டில் 'வலி இருந்தால்' என்றிருந்ததை அடித்துவிட்டு, 'மாலை 5, இரவு 11, வலி இல்லாவிட்டாலும்' என்று மயக்க மருத்துவர் தம் கையால் எழுதிக் கொடுத்தார்.