எக்ஸ்ப்ளாய்டேஷன் படங்களில் ஆய்வேடு எழுதப் போகிறவர்களுக்கு

முதுகலை ஆய்வேட்டுக்கு, அமெரிக்காவில் 1930களிலிருந்து 1970கள் வரை வெளிவந்த எக்ஸ்ப்ளாய்டேஷன் படங்களை எடுத்துக்கொண்டேன். பெரிய ஸ்டுடியோக்கள் தொடத் தயங்கிய பொருள்களைச் சொற்பச் செலவில் படமாக்கி, பரபரப்பான விளம்பரத்தால் விற்ற படங்கள் அவை. இதே தலைப்பில் இறங்க நினைக்கும் மாணவர்கள் எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள்.

முதலில் நான் தொடங்கிய இடம் தவறானது. படத்துக்குப் படம் பிழைகளைக் குறித்து நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்தேன். நெறியாளர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினார்: “இவ்வளவு குறையுள்ள படத்தை ஏன் நான்கு முறை பார்த்தீர்கள்?” இரண்டு நாள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதியதெல்லாம் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

படங்களுக்கு முன் தணிக்கை விதிகளைப் படியுங்கள். ஹாலிவுட் தனக்குத்தானே வகுத்துக்கொண்டு 1934 முதல் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்திய ஹேஸ் விதிகள், போதைப்பொருள் கடத்தல், பால்வினை நோய், பிரசவக் காட்சி ஆகியவற்றைத் தடுத்தன. அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படங்களைப் பார்த்தால் எல்லாம் விளங்கும். விதி எதை மூடியதோ, அதையே இந்தத் தயாரிப்பாளர்கள் திறந்து காட்டி டிக்கெட் விற்றார்கள். ‘மாம் அண்ட் டாட்’ (1945) படத்தை அதன் தயாரிப்பாளர் குரோகர் பாப் ஊர் ஊராகக் கொண்டுசென்ற விதத்தைக் கவனியுங்கள். பெண்களுக்கு ஒரு காட்சி, ஆண்களுக்குத் தனிக்காட்சி. நடுவில் படத்தை நிறுத்திவிட்டு ‘எலியட் ஃபோர்ப்ஸ்’ என்ற பாலியல் அறிஞர் சொற்பொழிவாற்றி, கையேடுகளை விற்பார். ஒரே சமயத்தில் பல ஊர்களில் பல பேர் அந்த ஒரே பெயரில் மேடையேறினார்கள். திரையில் ஓடுவது பாதிப் படம்தான். மீதி அரங்கின் வாசலில் நடந்தது. அந்த வாசலை விட்டுவிட்டுக் கதையை மட்டும் அலசினால் ஆய்வு சப்பென்று போய்விடும். 2005இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இந்தப் படம் சேர்க்கப்பட்டது.

அடுத்து, ஒரு படத்தை அதன் இரண்டு காலங்களிலும் வைத்துப் பாருங்கள். ‘ரீஃபர் மேட்னஸ்’ 1936இல் கஞ்சாவின் கேட்டைச் சொல்லிப் பெற்றோரை மிரட்ட எடுக்கப்பட்டது. 1970களில் கஞ்சாச் சட்டத்தைத் தளர்த்தக் கோரிய இயக்கத்தினரே அதைக் கல்லூரிகளில் திரையிட, மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். படம் சொன்னது மாறவில்லை. பார்ப்பவர்தான் மாறியிருந்தார். சிறு ரசிகர் கூட்டம் விடாமல் கொண்டாடும் கல்ட் படம் எப்படி உருவாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1964இல் எழுதிய ‘நோட்ஸ் ஆன் கேம்ப்’ கட்டுரையின் 58 குறிப்புகளையும் நிதானமாகப் படியுங்கள். கேம்ப் என்ற ரசனையை, அதாவது மிகையிலும் செயற்கையிலும் இன்பம் காண்பதை, அவர் இரண்டாகப் பிரிக்கிறார்: தெரிந்தே செய்வது, அறியாமல் நிகழ்வது. அறியாமல் நிகழ்வதையே அவர் உயர்த்திப் பிடிக்கிறார். காரணம், அங்கே படைப்பாளி முழு மனத்தோடு முயன்றிருக்கிறார். இந்த இடம் எனக்குப் பிடிபட இயக்குநர் எட் வுட்தான் உதவினார். ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ படத்துக்காக அவர் வைத்திருந்தது, 1956இல் இறந்துபோன நடிகர் பேலா லுகோசியின் சில நிமிடக் காட்சிகள் மட்டுமே. மீதிக் காட்சிகளில், தன் மனைவிக்கு முதுகெலும்பு வைத்தியம் செய்தவரைக் கறுப்பு அங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டு நடக்கவைத்தார். உயரமும் பொருந்தவில்லை, நடையும் பொருந்தவில்லை. முதல் வரைவில் அதைப் பிழை என்று எழுதினேன். மூன்றாம் முறை பார்த்தபோது, போய்விட்ட நண்பரைத் திரையில் இன்னும் சற்று நேரம் நிறுத்திவைக்க ஒருவர் படும் பாடாக அது தெரிந்தது. பளபளப்பான படத்தில் எடுத்தவரின் கை தெரிவதில்லை. இங்கே கை மட்டும்தான் தெரிகிறது. என்னைத் திரும்பத் திரும்ப இழுத்தது அதுதான்.

ஆனால் அன்பு கண்ணை மறைக்கக் கூடாது. பெண்ணுடலை வெறும் சரக்காக வைத்த படங்கள் இந்த வகையில் ஏராளம்; அதை ஆய்வேட்டில் நேராக எழுதுங்கள். ‘காஃபி’ (1973) போன்ற படத்தில் இரண்டும் கலந்து கிடக்கும். தங்கையைப் போதைக்கு அடிமையாக்கியவர்களைத் தேடிப்போகும் செவிலியாக கறுப்பின நடிகை பாம் கிரியர் திரையை ஆள்கிறார். அதே கேமரா அவரை வெறித்தும் பார்க்கிறது. கறுப்பின உரிமை அமைப்புகள் அத்தகைய படங்களை அன்றே கண்டித்தன. இரண்டு பக்கத்தையும் படிக்காமல் அந்த அத்தியாயத்தைத் தொடாதீர்கள்.

முடிந்தால் ஒரு படத்தையாவது கூட்டத்தோடு பாருங்கள். 1975இல் தோற்ற ‘ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’, அடுத்த ஆண்டு நியூயார்க்கின் வேவர்லி அரங்கில் நள்ளிரவுக் காட்சியாகி, பார்வையாளர்கள் திரையோடு பேசத் தொடங்கிய பிறகுதான் எழுந்தது. மடிக்கணினி முன் தனியே உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை எழுதினேன். என் ஆய்வேட்டில் பலவீனமான அத்தியாயம் அதுவே.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர், “இவை நல்ல படங்களா?” என்று கேட்டார். அந்தக் கறுப்பு அங்கிக் காட்சியைப் போட்டுக்காட்ட அனுமதி கேட்டேன். பார்த்து முடித்தவர், “மறுபடி போடுங்கள்” என்றார்.