டேலிக்குள் எக்ஸ்எம்எல்: ஒரே ஒரு வவுச்சரிலிருந்து தொடங்குங்கள்

பில்லிங் மென்பொருளில் ஒரு மாத விற்பனை கிடக்கிறது. அது டேலி என்ற கணக்கு மென்பொருளுக்குள் போயாக வேண்டும், கையால் அடிக்க நேரமில்லை. கணக்கு அலுவலகங்களில் எக்ஸ்எம்எல் (ஒவ்வொரு தகவலையும் டேக் எனும் பெயர்க்குறிகளுக்கு நடுவே வைக்கும் கோப்பு வகை) பெரும்பாலும் இப்படி ஓர் அவசரத்தில்தான் அறிமுகமாகிறது. அந்த அவசரத்தில் எங்கிருந்தோ ஒரு மாதிரிக் கோப்பை எடுத்து நிரப்புவார்கள். பாதிச் சிக்கல் அதிலேயே தொடங்கிவிடும். மாதிரியை உங்கள் கம்பெனியிலிருந்தே எடுங்கள்.

டேலிபிரைமில் டே புக் என்ற நாள்வாரிப் பதிவுப் பட்டியலைத் திறந்து, ஆல்ட்+எஃப்2 கொடுத்து, ஒரே ஒரு விற்பனை வவுச்சர் (ஒரு பில்லுக்கான கணக்குப் பதிவு) உள்ள நாளைத் தேர்ந்தெடுங்கள். ஆல்ட்+ஈ அழுத்தி, கோப்பு வகையை எக்ஸ்எம்எல் என மாற்றி ஏற்றுமதி செய்து, நோட்பேட்++ இல் திறந்து பாருங்கள். ஒரு வவுச்சருக்கா இத்தனை வரி என்று மலைப்பாக இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை காலி டேக்குகள், அல்லது 'நோ' என்று மட்டும் சொல்பவை. தேதி, வவுச்சர் வகை, பார்ட்டி (வாங்குபவர்) பெயர், லெட்ஜர் (கணக்குத் தலைப்பு) வரிகள் ஆகிய நான்கையும் முதலில் அடையாளம் கண்டால் போதும். தேதி எட்டு இலக்கம்: 2024 ஏப்ரல் 1 என்பது 20240401. இடையில் கோடு கூடாது.

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் தொகையின் குறி. டேலியின் எக்ஸ்எம்எல்லில் பற்று மைனஸ், வரவு பிளஸ். 10,000 ரூபாய் சரக்கு, 18% ஜிஎஸ்டி என்று வையுங்கள். பார்ட்டி வரியில் -11800.00, கூடவே 'ஈஸ் டீம்ட் பாசிட்டிவ்' டேக்கில் 'எஸ்'. சேல்ஸ் 10000.00, சிஜிஎஸ்டி 900.00, எஸ்ஜிஎஸ்டி 900.00, இம்மூன்றிலும் 'நோ'. எல்லாவற்றையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். ஒரு பைசா இடித்தாலும் வவுச்சர் தொகை பொருந்தவில்லை என்று டேலி திருப்பி அனுப்பிவிடும். ஜிஎஸ்டியைக் கணக்கிட்டு முழு ரூபாயாக்கும் பில்களில் இது அடிக்கடி நடக்கும். ரவுண்ட் ஆஃப் லெட்ஜருக்கு ஒரு வரி சேர்ப்பதுதான் சரியான வழி. பார்ட்டி தொகையை இழுத்துச் சரிக்கட்டினால் பில்லும் கணக்கும் வேறுபட்டு நிற்கும்.

இறக்குமதியில் மாஸ்டர்கள் (லெட்ஜர் போன்ற அடிப்படை விவரங்கள்) முதலில், வவுச்சர்கள் பிறகு. கோப்பில் 'ஸ்டோர்ஸ்', கம்பெனியில் 'ஸ்டோர்' என்றிருந்தாலே அந்த லெட்ஜர் இல்லை என்று பிழை வரும். இந்தப் பிழைகளெல்லாம் டேலி நிறுவிய ஃபோல்டரில் உள்ள 'டேலி.இம்ப்' கோப்பில் பதிவாகும். அதைத் திறந்து பார்க்காமல் திரும்பத் திரும்ப இறக்குமதி செய்வது வீண்வேலை.

கம்பெனிப் பெயர்களில் வரும் & குறி இன்னொரு தொல்லை. எக்ஸ்எம்எல்லில் அது தனியாக நிற்கக் கூடாது. பின்னால் ஏ, எம், பி ஆகிய மூன்று சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வர வேண்டும். எக்செல் ஃபார்முலாவால் வரிகளை ஒட்டிக் கோப்பு தயாரிப்பவர்கள் மறப்பது இதைத்தான். எக்செல்லில் இன்னொன்றும் உண்டு: 15 இலக்கத்துக்கு மேற்பட்ட வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். அந்த நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட் வகையாக மாற்றி வையுங்கள். தமிழில் லெட்ஜர் பெயர் வைத்திருந்தால் கோப்பை யூனிகோடில் சேமியுங்கள். ஆன்சி என்ற பழைய எழுத்துக் குறியீட்டில் சேமித்தால் பெயருக்குப் பதில் கேள்விக்குறிகளே மிஞ்சும்.

டேலியின் ஏற்றுமதியை வேறு நிரலால் படிக்கப் போனால் தடை எதிர்ப்புறத்திலிருந்து வரும். 'பிரைமரி' போன்ற சொற்களுக்கு முன் டேலி  என்று எழுதுகிறது. எக்ஸ்எம்எல் 1.0 விதிப்படி அந்த எழுத்துக்கு இடமில்லை, ஆகவே பைத்தானின் வழக்கமான எக்ஸ்எம்எல் நூலகம் அங்கேயே நின்றுவிடும். படிப்பதற்கான நகலில் மட்டும் அதை நீக்குங்கள். மூலக் கோப்பைத் தொட வேண்டாம்.

மிகக் கவனம் தேவைப்படுவது 'ரிமோட்ஐடி', அதாவது ஒவ்வொரு வவுச்சருக்குமான அடையாளக் குறியீடு. ஒரு வவுச்சரை அச்சாக வைத்து இருநூறு நகல் எடுக்கும்போது பழைய ஐடி அப்படியே தங்கினால், ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டுக் கடைசி பில் மட்டுமே மிஞ்சும். ஐடியே இல்லாமல் கோப்பை இருமுறை ஏற்றினால் விற்பனை இரட்டிப்பாகும். பில் எண்ணிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனி ஐடி கொடுங்கள். அப்போது பிழை திருத்தி மறுபடி ஏற்றினாலும் பழைய வவுச்சரே திருத்தப்படும்.

உண்மையான கம்பெனியில் சோதனை வேண்டாம். ஆல்ட்+ஒய் வழியே பேக்கப் எடுத்து, வேறு ஃபோல்டரில் மீட்டு, அந்த நகலில் ஒரு வவுச்சர், பிறகு பத்து, பிறகு முழுக் கோப்பு என்று ஏற்றுங்கள். உரிமம் இல்லாத எஜுகேஷனல் மோடில் சோதித்தால் 1, 2, 31 ஆகிய தேதிகளுக்கு மட்டுமே பதிவு நடக்கும். மற்ற தேதிகள் ஏறாததற்குக் கோப்பைக் குறை சொல்லாதீர்கள். முடிவில் வவுச்சர்களின் எண்ணிக்கை, விற்பனைக் கூட்டுத்தொகை, சிஜிஎஸ்டி கூட்டுத்தொகை, எஸ்ஜிஎஸ்டி கூட்டுத்தொகை ஆகிய நான்கு எண்களையும் பில்லிங் அறிக்கையோடு ஒப்பிட்டு, நான்கும் ஒத்த பிறகே அசல் கம்பெனியைத் திறக்க வேண்டும்.