தங்கையின் வலிப்பு மாத்திரை எங்கள் ஊர்ப்பக்கம் வந்து சேர்ந்த கதை

என் தங்கைக்கான வலிப்பு மாத்திரை இந்த மாதம்தான் முதன்முறையாக மதுரைக்குப் போகாமலே கைக்குக் கிடைத்தது. நிம்மதியாக இருக்கிறது என்றாலும், இதற்காக அம்மாவை அலைய விட்டவர்கள் மீதுள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. கொட்டாம்பட்டி வட்டாரத்தில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில் முஸ்லிம் குடும்பங்கள் ஒரு தெருவுக்கு மேல் இல்லை. இதே அலைச்சலில் இருக்கும் மற்ற குடும்பங்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

தொடக்க ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எங்கள் தெருவில் ஜின் என்றார்கள், அடுத்த தெருவில் காத்துக்கருப்பு என்றார்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிக்க வேண்டும் என்பதில் மட்டும் இரு தெருக்காரர்களுக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. சாவியால் எந்தப் பயனும் கிடையாது. வலிப்பு வரும்போது ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், நேரத்தைக் கவனிக்க வேண்டும்; ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழைக்க வேண்டும்.

நோயைக் கண்டறியும் கட்டத்தில் மதுரை அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவு எங்களைப் பொறுமையாகவே நடத்தியது. சறுக்கியது வெளியில்தான். ஒரு தனியார் மையத்தில் இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை) எடுக்கப் போனபோது, தலையில் எண்ணெய் இருக்கிறது, நாளை குளித்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். முதல் நாள் தொலைபேசியில் நேரம் குறித்துக் கொடுத்தவர் அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் மிஞ்சியிருக்கும். எனவே எண்ணெய் தடவாமல், தலைக்குக் குளித்து, உலர்ந்த கூந்தலோடு போங்கள். தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வர வேண்டுமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அந்த வரம்புக்குள் வருவதில் எங்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை. சிரமம் பெயரில் இருந்தது. ஆதாரில் ‘ஃபா’, ரேஷன் அட்டையில் ‘பா’, வருமானச் சான்றிதழில் வேறொரு எழுத்து என்று, ஆங்காங்கே உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் காதில் விழுந்தபடி எங்கள் பெயர்களை எழுதி வைத்திருந்தார்கள். திருத்திக்கொண்டு வரும் பொறுப்பு மட்டும் எங்களுடையதாயிற்று. அரபுப் பெயர் உள்ள குடும்பத்தார் மருத்துவமனைக்குப் புறப்படும் முன்பே, எல்லா ஆவணங்களையும் ஒன்றாகப் பரப்பி வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

பெரிய சிக்கல் மாத்திரையில்தான் வந்தது. உள்ளூர் மருத்துவர் ஒருவர் முதலில் சோடியம் வால்ப்ரோயேட் எழுதியிருந்தார். மதுரையில் நரம்பியல் மருத்துவர் தங்கையின் வயதைக் கேட்டதும், கருவுற்றால் குழந்தையின் உறுப்புகளையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடிய மருந்து அது என்று விளக்கி, படிப்படியாக லெவெடிராசெட்டம் என்ற வேறொரு வலிப்பு மாத்திரைக்கு மாற்றினார். திருமண வயதில் பெண் உள்ள வீடுகளில் இந்தக் கேள்வியை மருத்துவர் எழுப்பாவிட்டாலும் நீங்கள் எழுப்புங்கள். ஆனால் பதில் தெரியும் முன் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

மாற்றிய மாத்திரையை மாதாமாதம் மதுரைக்கு வந்து வாங்குவதென்றால் அம்மாவுக்கு ஒரு நாள் வேலை போய்விடும் என்பதால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டோடு போனார். மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்தவர் சீட்டை அரைப்பார்வை பார்த்துவிட்டு, “இதுவும் பிட்ஸ் மாத்திரைதான் பாயம்மா, வாங்கிக்கிட்டுப் போங்க” என்று பழைய வால்ப்ரோயேட்டையே கையில் வைத்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடிய அம்மா அட்டையில் பெயர் வேறாக இருப்பதைக் கண்டு கேட்டதற்கு, படித்தவர் போலப் பேசாதீர்கள் என்ற பொருளில் பதில் வந்தது. அன்று அம்மா அதை வாங்காமல் திரும்பி வந்ததை நான் பெருமையோடு எழுதுகிறேன். தக்க மருந்து கிடைத்தால் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் ஊர் போன்ற இடங்களில் அந்த எழுபதுக்குள் சேர்வதற்கு நோயாளியின் வீட்டில் ஒருவராவது மாத்திரை அட்டையை வாசிக்கக்கூடியவராக இருக்க வேண்டியிருக்கிறது.

இதற்கிடையில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் கேட்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வரும் பெண் தன்னிடம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளே உள்ளன என்றார். மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினால் பேருந்துச் சலுகை கிடைக்கும் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னதை நம்பி இன்னொரு நாள் வீணாயிற்று. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் வலிப்பு நோய் தனியாக இடம்பெறவில்லை. அதோடு அறிவுசார் குறைபாடு போன்ற வேறொன்றும் இருந்தால்தான் அந்த வழியில் விண்ணப்பிக்க இடமுண்டு.

கடைசியில் வழி திறந்தது ஒரு கடிதத்தால். அடுத்த முறை நரம்பியல் பிரிவுக்குப் போனபோது, மருந்தின் பொதுப்பெயர், அளவு, எத்தனை மாதங்களுக்குத் தொடர வேண்டும், வேறு மருந்துக்கு மாற்றக்கூடாது என்ற நான்கையும் தெளிவாக எழுதி முத்திரையிட்டுத் தருமாறு கேட்டோம். மருத்துவர் உடனே எழுதிக் கொடுத்தார். அதைத் தாலுகா மருத்துவமனையின் தலைமை மருத்துவரிடம் நேரில் கொடுத்தோம். அவர் மருந்தாளுநரை அழைத்து, இந்தப் பெண்ணுக்கும் சேர்த்து இன்டென்ட் (மருந்து கேட்டு அனுப்பும் பட்டியல்) போடுங்கள் என்றார். இப்போது மருந்து விவரம் எழுதிய நோட்டைக் காட்டி அம்மாவே வாங்கிக்கொள்ளலாம், தங்கை வர வேண்டியதில்லை. அம்மா மகளிருக்கான இலவசப் பேருந்தில் போய் வந்துவிடுகிறார்.

நோன்பு பற்றியும் ஒரு வார்த்தை. காலையும் இரவும் எடுக்க வேண்டிய மாத்திரையில் காலை வேளையைத் தங்கை ரமலானில் யாருக்கும் சொல்லாமல் விட்டுவந்தாள்; விடியலுக்கு முன் உண்ணும் சஹருக்காகத் தூக்கமும் கெட்டது; வலிப்பு திரும்பி வந்தது. நோன்பு வைப்பீர்களா என்று எந்தச் சீட்டிலும் யாரும் கேட்டதில்லை. பிறகு மருத்துவரிடமே கேட்டபோது, தூக்கக் குறைவும் ஆபத்து என்பதால் வலிப்பு முழுமையாகக் கட்டுப்படும் வரை வேண்டாம் என்றார். அதை அம்மா ஏற்கவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கு வந்து, நோயாளிக்கு மார்க்கமே சலுகை கொடுத்திருக்கிறது, குணமானால் கழா செய்யட்டும் (விட்ட நோன்பைப் பிறகு வைக்கட்டும்), முடியாவிட்டால் ஃபித்யா (நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவு) கொடுங்கள் என்று சொன்ன பிறகே அம்மா சமாதானமானார்.

மருத்துவரின் கடிதத்துக்குக் கால வரம்பு உண்டு. அது முடிவதற்கு ஒரு மாதம் முன்பாகவே புதுக் கடிதம் வாங்கிவிடுங்கள். மூலக் கடிதத்தை யாரிடமும் விட்டுவராமல் நகலை மட்டும் கொடுங்கள். மாத்திரை ஒரு வாரத்துக்கு மீதமிருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கக் கிளம்புங்கள்.